அச்சு ‘திடீரென’ முறிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘ஆக்சில் திடீரென முறிந்து வேன் கவிழ்ந்தது’, ‘மில் ஷாஃப்ட் திடீரெனத் துண்டாகி அரவை நின்றது’ என்ற செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். ஊரும் வண்டியும் மாறும். ‘திடீரென’ மட்டும் மாறாது. ஓட்டுநருக்கு அது திடீர்தான், மறுக்கவில்லை. இரும்புக்கு அப்படி இல்லை. இத்தகைய முறிவுகளில் பெரும்பாலானவற்றில், வண்டி கவிழ்வதற்குப் பல வாரம் முன்பே, சில சமயம் பல மாதம் முன்பே, ஷாஃப்டின் மேல்தோலில் தலைமயிர் அகலம்கூட இல்லாத விரிசல் ஒன்று விழுந்திருக்கும். அது சுற்றுக்குச் சுற்று உள்ளே நகர்ந்துகொண்டே இருந்திருக்கும். உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பயணம் முழுவதும் அங்கே பதிந்திருக்கும். ஆனால் அந்தத் துண்டு பெரும்பாலும் மறுநாளே காயலான் கடைக்குப் போய்விடுகிறது.

பொறியியல் பாடங்களில் இதை அயர்வு முறிவு என்கிறோம். பட்டறையில் ‘கிராக் விட்டுக் கட்டாயிடுச்சு’ என்பார்கள். அதுவும் சரியான வருணனைதான். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் எங்கே அச்சு முறிந்தாலும் ‘ஓவர்லோடு’ என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. அயர்வில் பாரம் மிகவேண்டிய அவசியமே இல்லை. தாங்கக்கூடிய பாரம், வடிவமைத்தவர் கணக்கிட்ட அதே பாரம், மாறி மாறி வந்தாலே போதும். சுழலும் ஷாஃப்டில் மேலே இருக்கும் புள்ளி அரைச் சுற்றில் கீழே வருகிறது. இழுபட்டது அமுங்குகிறது, அமுங்கியது இழுபடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை. 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 முறை சுற்றும். நாளொன்றுக்கு 200 கி.மீ. ஓடும் வண்டியின் அச்சு ஒரு நாளில் 90,000 முறை வளைந்து நிமிர்கிறது. நாலு மாதத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நாளாக ஆக இரும்பு உள்ளுக்குள் படிகமாகிப் போய்விடுகிறது என்றுதான் அன்று பலர் நம்பினார்கள். அடுத்த ஆண்டே ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், விட்டம் மாறும் மூலையில் விரிசல் தொடங்கி உள்ளே வளர்வதைக் காட்டி, அந்த மூலையை வளைவாகக் கடையச் சொன்னார். பின்னர் பிரஷ்ய ரயில்வேயில் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி உடைத்துப் பார்த்து, முறிவை முடிவு செய்வது தகைவின் (ஒரு சதுர மி.மீ. பரப்பில் விழும் விசையின்) உச்சத்தைவிட அதன் ஏற்ற இறக்கம்தான் என்று நிறுவினார். ராங்கின் சொன்ன மூலையில்தான் இன்றும் நம்மூர் லேத் பட்டறைகளில் கடைந்த ஷாஃப்டுகள் முறிகின்றன. 180 ஆண்டு ஆயிற்று.

இனி கூட்டுப் பாரம். வளைவு மட்டும், முறுக்கு மட்டும் என்று தனித்தனியே பாரம் வருவது பாடநூலில்தான். நிஜத்தில் ஷாஃப்ட் எடையைச் சுமந்து வளையவும் வேண்டும், சக்தியைக் கடத்தி முறுக்குப்படவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விரிசல் என்ன செய்யும் என்பதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு சாக்பீஸ் போதும். இரு கைகளாலும் பிடித்து வளைத்தால் குறுக்கே நேராக உடையும். இன்னொன்றை எடுத்து வளைக்காமல் துணி பிழிவதுபோல் முறுக்கினால், திருகாணிப் புரிபோல 45 டிகிரி சாய்வில் சுற்றி உடையும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சாய்வு இடையில் எங்கோ நிற்கும். சாக்பீஸுக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: எந்தத் திசையில் இழுவிசை உச்சமோ, அதற்குச் செங்குத்தாகப் பிளப்பது.

எஃகு இவ்வளவு நேரடியானதில்லை. அதில் விரிசல் பிறக்கும்போது இழுவிசையைப் பார்ப்பதில்லை. வழுக்கும் தளத்தைப் பார்க்கிறது. உலோகத்தின் மணிகளுக்குள் சீட்டுக்கட்டு நகர்வதுபோல் அடுக்குகள் முன்னும் பின்னும் வழுக்கி, சில மணிகளின் அகலத்துக்கு ஒரு கீறல் உண்டாகிறது. மாறி மாறி முறுக்குப்படும் ஷாஃப்டில் இந்த முதல் கீறல் குறுக்கேயோ நீளவாக்கிலேயோதான் வரும். உருட்டித் தயாரித்த கம்பியில் கசடு இழைகளும் நீளவாக்கில்தான் ஓடும் என்பதால், நீளவாக்குக் கீறல் அதிகம் தென்படும். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் விரிசல் திரும்பி, வாய் பிளக்க வசதியான திசையைப் பிடிக்கிறது. முறுக்கு ஒரே பக்கமாக ஏறி இறங்கினால் ஒரு சாய்கோடு. இரு பக்கமும் மாறினால் பெருக்கல் குறிபோல இரண்டு கோடுகள். ஷாஃப்டின் மேல் பெருக்கல் குறியில் விரிசல் பார்த்தால், முன்னும் பின்னுமாக முறுக்கு வருகிறது என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

வளைவும் முறுக்கும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும் பாகங்களில் கோணத்தைக் கொண்டே கணக்குப் போடலாம். பைக்கின் கிக்கர் தண்டு நல்ல உதாரணம்: காலை வைத்து மிதிக்கும் அந்தக் கணத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வளைக்கும் திருப்புத்திறனும் (விசையை அதன் கை நீளத்தால் பெருக்கியது) முறுக்கும் திருப்புத்திறனும் சமமானால், விரிசல் குறுக்குக் கோட்டிலிருந்து 22.5 டிகிரி சாயும். அதற்குக் குறைந்தால் வளைவு ஓங்கியிருக்கிறது, 45-ஐ நெருங்கினால் முறுக்கு ஓங்கியிருக்கிறது. பாகைமானியோடு ஒரு காகிதத்தைச் சுற்றிப் படியெடுத்து அளந்தால் போதும்.

சுழலும் ஷாஃப்டில் கதை வேறு. அங்கே வளைவு ஒவ்வொரு சுற்றிலும் தலைகீழாகிறது. மோட்டார் தரும் முறுக்கோ ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. அதனால் விரிசல் பெரும்பாலும் குறுக்கேயே உள்ளே போகும். ஆனால் அதன் முகம் வழவழப்பாக இராது. ஓட்டுக்கூரை வரிசைபோல மேடும் பள்ளமுமாக, படிப்படியாக இருக்கும். முறுக்கு இந்த மேடுகளை ஒன்றோடொன்று உரச வைக்கிறது. சோதனைகளில் ஒரு வியப்பு: நிலையான முறுக்கு சேரும்போது, வளைவால் மட்டும் வளர்ந்ததைவிட விரிசல் மெதுவாகவே வளர்கிறது. முகங்கள் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொண்டு பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கிவிடுகின்றன. இதைப் பார்த்து ஆறுதல் கொள்ள வேண்டாம். அதே ஷாஃப்டில் நீளவாக்கில் ஓர் இழுவிசை சேர்ந்தால் முகங்கள் விலகிப் பூட்டு கழன்றுவிடும், வளர்வேகம் கூடிவிடும். மோட்டாரை அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் முறுக்கும் ‘நிலையானது’ என்ற கணக்கிலிருந்து வெளியே வந்துவிடும்.

இந்த உரசலால் பராமரிப்பு ஆட்களுக்கு ஒரு லாபம் உண்டு. அரைபட்ட இரும்புத்தூள் காற்றுபட்டுச் செம்பழுப்பாகி விரிசலின் வாயிலிருந்து கசியும். கிரீஸும் தூசியும் படிந்த ஷாஃப்டின் மேல், குங்குமத்தை விரலால் இழுத்ததுபோல ஒரு மெல்லிய செங்கோடு. துடைத்துவிட்டு ஒரு ஷிஃப்ட் ஓட்டினால் அதே இடத்தில் மறுபடி வரும். வெறும் துருவாக இருந்தால் இப்படி ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப வராது.

கணக்குப் போடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. வளைவையும் முறுக்கையும் சேர்க்க, வளைவுத் தகைவின் வர்க்கத்தோடு முறுக்குத் தகைவின் வர்க்கத்தை மூன்று மடங்காகக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது வழக்கம். ஒரு முறை பாரம் ஏற்றி நிறுத்துவதற்கு அந்த விடை பொருந்தும். அயர்வுக்கு அது பாதிக் கதைதான். இரண்டு பாரங்களும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா, ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்தில் இருக்கிறதா என்று அந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. முன்பின்னாக வந்தால் உச்ச இழுவிசையின் திசை ஒவ்வொரு சுழற்சியிலும் திரும்பிக்கொண்டே இருக்கும். பல தளங்களில் வழுக்கல் நடக்கும். உலோகம் கூடுதலாக இறுகும். ஒரே அளவு உருத்திரிபுக்கு (நீட்சி, சுருக்கத்துக்கு) ஆயுள் குறையும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்த இறுக்கம் குறிப்பிடத்தக்க அளவுக்கு அதிகம். துருப்பிடிக்காது என்பதற்காக மட்டும் பம்ப் ஷாஃப்டை 304-க்கு மாற்றுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணவேண்டும். அதன் நெகிழ்வெல்லை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு, 205 மெகா பாஸ்கல் அளவில்தான் நிற்கிறது, பதப்படுத்திய இ.என். 24 என்ற கலப்பு எஃகு அதைப்போல மூன்று மடங்கு தாங்கும்.

இப்போது வண்டிக்கு வருவோம், செய்திகளில் குழப்பம் அதிகம் இங்கேதான். லாரி, பஸ்ஸின் பின் அச்சு பெரும்பாலும் ‘ஃபுல் ஃப்ளோட்டிங்’. எடையை ஹவுசிங், அதாவது ஷாஃப்டைச் சுற்றியுள்ள வெளிக்கூடு, சுமக்கும். உள்ளே ஓடும் ஷாஃப்டுக்கு முறுக்கு மட்டும்தான். பழைய ஜீப், சிறு வேன் போன்றவற்றில் ‘செமி ஃப்ளோட்டிங்’: சக்கரம் ஷாஃப்டின் முனையிலேயே உட்கார்ந்திருக்கும், வண்டியின் எடையும் எஞ்சினின் முறுக்கும் ஒரே ஷாஃப்டில் இறங்கும். கூட்டுப் பாரத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. இந்த வகையில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று போகும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட் முறிந்தால் வண்டி நகராது. சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். ‘ஆக்சில் முறிந்து சக்கரம் ஓடியது’ என்று எழுதுமுன் இது எந்த வகை என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும்.

ஃபுல் ஃப்ளோட்டிங் வண்டியில் புது ஷாஃப்ட் போட்டும் சில வாரங்களில் மறுபடி முறிந்தால், ஷாஃப்ட் விற்ற கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். ஹவுசிங்கைப் பாருங்கள். ஹவுசிங் வளைந்திருந்தாலோ வீல் பேரிங் தேய்ந்து ஆடினாலோ, முறுக்கு மட்டும் வாங்கவேண்டிய ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைவையும் வாங்கத் தொடங்குகிறது. உடைந்த முகம் சாய்வாக இல்லாமல் குறுக்கே தட்டையாக, கோடு கோடாக இருந்தால் அது வளைவின் வேலை. அந்த ஹவுசிங்கில் எத்தனை புது ஷாஃப்ட் போட்டாலும் இதே கதைதான்.

விரிசல் எவ்வளவு வேகமாக வளரும்? 1960-களின் தொடக்கத்தில் பால் பாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் காட்டிய விதி இன்றும் கைகொடுக்கிறது. விரிசல் நுனியில் தகைவு குவியும் அளவு, தகைவின் ஏற்ற இறக்கத்தையும் விரிசல் ஆழத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய விகிதத்தில் இருக்கும். சாதாரண எஃகில் வளர்வேகம் அந்தக் குவிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது தகைவு கால் பங்கு கூடினால் வளர்வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. தகைவு இரண்டு மடங்கானால் வளர்வேகம் எட்டு மடங்கு. 50 மி.மீ. விட்டமுள்ள, இ.என். 8 என்ற நடுத்தரக் கரி எஃகு ஷாஃப்ட், மேல்பரப்பில் வளைவுத் தகைவு 80 மெகா பாஸ்கல் என்று வைத்து, முறுக்கை ஒதுக்கிவிட்டுத் தோராயமாகப் போட்டால் இப்படி வரும்: விரிசல் 5 மி.மீ. ஆழத்தில் இருக்கும்போது இன்னும் ஒரு மி.மீ. போக சுமார் 5 லட்சம் சுற்று ஆகும். 10 மி.மீ. ஆழத்தில் 1.2 லட்சம். 15 மி.மீ. ஆழத்தில் 28,000-தான். மேலே சொன்ன 70 செ.மீ. சக்கரத்தில் இவற்றை ஓட்டமாக மாற்றினால் முறையே 1,100 கி.மீ., 270 கி.மீ., 60 கி.மீ. ஆயுளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத நிலையில் கழிந்துவிடுகிறது. தெரியும் அளவுக்கு வந்தபின் அவகாசம் குறைவு.

இந்த எண்களையே வேகத்தோடு வைத்துப் பார்த்தால் பராமரிப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதும் விளங்கும். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 1.2 லட்சம் சுற்று என்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இங்கே மாதம் ஒரு முறை சோதனை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். விரிசலைப் பிறக்கவிடக் கூடாது, அவ்வளவே. நிமிடத்துக்கு 5 சுற்று ஓடும் கரும்பாலை உருளையில் அதே 1.2 லட்சம் சுற்றுக்கு 16 நாளுக்கு மேல் ஆகும். அரவை இல்லாத மாதங்களில் ஷாஃப்டின் முனையிலிருந்து அல்ட்ராசோனிக் வைத்துப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். அங்கே சோதனை உண்மையிலேயே உயிர் காக்கும். அதையும் செய்யாமல் விட்டுவிட்டு சீசன் நடுவில் ஷாஃப்டைத் துண்டாக்கிக்கொள்கிற ஆலைகளைப் பற்றி என்ன சொல்ல?

விரிசல் எங்கே பிறக்கும் என்பதை லேத்தில் நிற்பவர்தான் முடிவு செய்கிறார். விட்டம் மாறும் படியில், 50 மி.மீ. ஷாஃப்டுக்கு மூலை வளைவின் ஆரம் 1 மி.மீ. என்றால் வளைவுத் தகைவு அங்கே 2.7 மடங்காகவும் முறுக்குத் தகைவு 2.2 மடங்காகவும் குவியும். ஆரத்தை 5 மி.மீ. ஆக்கினால் இவை 1.7, 1.5 என்று இறங்கிவிடும். செலவு ஒன்றுமில்லை, டூலின் மூக்கைத் தீட்டுவதுதான். ஆனால் பேரிங் உட்காரும் இடத்தில் 5 மி.மீ. கொடுக்க முடியாது: 6210 பேரிங்குக்கு ஷாஃப்ட் மூலையின் ஆரம் அதிகபட்சம் 1 மி.மீ., மீறினால் பேரிங் படியில் ஒட்டி உட்காராது. அதற்கு வழி உண்டு. பெரிய ஆரமாகவே கடைந்துவிட்டு, பேரிங்குக்கும் படிக்கும் நடுவே உள்பக்கம் சரித்த ஒரு வளையத்தைப் போடலாம். பல பட்டறைகளில் நடப்பதோ வேறு: பேரிங் ஏறவில்லை என்றதும் மூலையைக் கூரான பார்ட்டிங் டூலால் ஒரு ‘கட்’ கொடுத்து விடுவார்கள். பேரிங் அழகாக உட்காரும். விரிசலும் அங்கேயே உட்காரும்.

கீவே இன்னொரு ஊற்று: சக்கரமோ புல்லியோ ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் ‘கீ’ என்ற ஆப்பு உட்காரும் பள்ளம் அது. 50 மி.மீ. ஷாஃப்டுக்கு 14 மி.மீ. அகலம், 9 மி.மீ. உயரமுள்ள கீ, ஷாஃப்டில் 5.5 மி.மீ. ஆழம். அடி மூலையில் 0.25 முதல் 0.4 மி.மீ. வரை வளைவு இருக்கவேண்டும். தேய்ந்துபோய்ப் புதிதாகத் தீட்டிய கட்டர் கத்திபோல மூலையை விட்டுச் செல்லும். எண்ட் மில்லில் போட்ட கீவேயில் முறுக்குத் தகைவு 3 மடங்கு வரை குவியும். வளைவுக்கு அது 2.1 மடங்கு. ஆக, முறுக்கு மிகுந்த ஷாஃப்டில் கீவேயும், வளைவு மிகுந்த ஷாஃப்டில் படியும் முதலில் பழுதாகும். இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தால், அதாவது கீவேயின் முனை படியின் மூலையைத் தொட்டால், குவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கீவேயைப் படிக்குச் சற்று முன்பாகவே நிறுத்திவிடவேண்டும். டேப்பரில், அதாவது கூம்பாகச் சரிந்த முனையில், கீயும் நட்டும் போட்டுச் சக்கரத்தைப் பிடிக்கும் அச்சுகளில் நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும், டேப்பரின் பிடிமானம் ஏற்கவேண்டிய முறுக்கு முழுவதும் கீவேயின் ஓரத்தில் இடிக்கும். நட்டைச் சொன்ன அளவுக்கு டார்க் வைத்து முடுக்குவதன் பொருள் அதுதான்.

பொறுக்க முடியாத பழக்கம் ஒன்று: தேய்ந்த ஷாஃப்டில் வெல்டிங் ‘ஃபில்லிங்’ ஏற்றிக் கடைந்து பழைய சைஸுக்குக் கொண்டுவருவது. இ.என். 8, இ.என். 19, இ.என். 24 எல்லாவற்றிலும் கரி சுமார் 0.4 சதவீதம். குளிர்ந்த ஷாஃப்டின் மேல் வெல்டிங் போட்டால், சுற்றியுள்ள பெரும் இரும்பு அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்சிக்கொள்ளும். வெல்டுக்கு அடியில் ஒரு மெல்லிய படலம் கண்ணாடிபோல இறுகி நொறுங்கும் தன்மை பெறும். ஈரம் வாங்கிய வெல்டிங் ராடிலிருந்து ஹைட்ரஜன் அதற்குள் புகுந்து, போட்ட மறுநாள்கூட விரிசல் விடலாம். வெல்ட் ஆறிச் சுருங்கும்போது உள்ளே இழுவிசை தங்கிவிடும். பாரமே இல்லாதபோதும் அந்த இடம் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கும். மேலே லேத்தில் பளபளவென்று கடைந்துவிட்டால் இவை எதுவும் கண்ணில் படாது. மெதுவாக ஓடும் பெரிய ஷாஃப்டில் வேறு வழியே இல்லையென்றால்: இ.என். 8-ஐ 150 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை, இ.என். 24-ஐ 300 டிகிரி அளவுக்கு முன்சூடாக்கி, 7018 வகை ராடை அடுப்பில் 300–350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் உலர்த்தி, போட்டபின் உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். வண்டியின் அச்சுக்கும் ஸ்டியரிங் பாகங்களுக்கும் இந்த ‘வேறு வழியே இல்லை’ பொருந்தாது. புதியது மட்டும்தான்.

வெல்டிங் வேண்டாம், தேய்ந்த இடத்தைக் குறைத்துக் கடைந்து ஸ்லீவ் போடுகிறோம் என்பார்கள். 50-ஐ 48 ஆக்கினால் தகைவு 13 சதவீதம் கூடும். 45 ஆக்கினால் 37 சதவீதம். விரிசல் வளர்வேகம் இரண்டரை மடங்கு. ஐந்து மில்லிமீட்டர்தானே என்பவர்கள் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். கிளீனர், சிவப்புச் சாயம், டெவலப்பர் என்று மூன்று ஸ்ப்ரே டின்கள் கொண்ட செட் போதும். சக்கரம் கழற்றி கிரீஸ் மாற்றும் நாளிலேயே செய்துவிடலாம். எண்ணெய் போகக் கிளீனரால் கழுவவேண்டும். எமெரித் தாளோ கம்பி பிரஷ்ஷோ வைத்துத் தேய்க்கக் கூடாது; இரும்பு இழுபட்டு விரிசலின் வாய் அடைந்துவிடும். சாயம் அடித்து 10 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு கிளீனரைத் துணியில் நனைத்து ஒரு முறை துடைக்கவேண்டும். பலர் செய்யும் தவறு, கிளீனரை நேராக ஷாஃப்டின் மேலேயே அடிப்பது. விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும், ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு வரும். டெவலப்பரை நன்றாகக் குலுக்கி ஓரடி தள்ளி நின்று மெல்லியதாக அடித்து, 10 நிமிடம் பொறுத்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும். நேரம் போகப்போக அது தடிப்பதைப் பார்த்தால் விரிசல் ஆழம் என்று பொருள். படியின் மூலை, கீவேயின் முனை, பேரிங் உட்காரும் இடத்தின் விளிம்பு: இந்த மூன்றையும் விட்டுவிட்டு நடு ஷாஃப்டைச் சோதிப்பதில் பயனில்லை. பேரிங் இருந்த இடத்தில் கோகோத் தூள்போல் பழுப்புப் படிந்திருந்தால் அங்கே நுண்ணிய உரசல் நடக்கிறது. விரிசல் அதற்கு அடியில் பிறக்கும்.

காந்தத் துகள் சோதனை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காந்தக் கோடுகளுக்கு இணையாக ஓடும் விரிசல் அந்தச் சோதனையில் தெரியாது. வளைவு மட்டும் உள்ள ஷாஃப்டில் விரிசல் குறுக்கேதான் என்று நம்பி ஒரே திசையில் காந்தமேற்றி முடித்துவிடுகிறார்கள். கூட்டுப் பாரத்தில் அது சாய்ந்தோ நீளவாக்கிலோ ஓடலாம். காந்தமேற்றும் யோக்கை 90 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு முறை பார்க்காத சோதனை பாதிச் சோதனை. முடித்ததும் காந்தத்தை நீக்க மறந்தால், இரும்புத்தூள் எல்லாம் பேரிங்குக்கு வந்து சேரும்.

முறிந்துபோனால்? இரண்டு துண்டுகளையும் பொருந்துகிறதா என்று சேர்த்து வைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடாது. தடயம் உரசி அழிந்துவிடும். கம்பி பிரஷ் போடக் கூடாது, விரலால் தடவக் கூடாது. காயவைத்து, மெல்ல எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைக்கவேண்டும். கேஸ் கட்டிங் செய்தே ஆகவேண்டுமென்றால் உடைந்த முகத்திலிருந்து அரை அடிக்கு மேல் தள்ளி வெட்டவேண்டும். பிறகு அந்த முகத்தைப் படிக்கலாம். ஆற்றில் நீர் வற்றும்போது மணலில் விடும் கோடுகள் போல வளைவு வளைவாக வரிகள் இருக்கும். அவை எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ அங்கே விரிசல் பிறந்தது. விளிம்பைச் சுற்றிலும் ரம்பப்பல் போலச் சிறு படிகள் இருந்தால் பல இடங்களில் ஒரே சமயத்தில் பிறந்திருக்கிறது, மூலை கூராக இருந்திருக்கிறது. பழைய பகுதி கறுத்தோ துருவேறியோ இருக்கும்; கடைசியில் ஒரே அடியாகப் போன பகுதி சாம்பல் நிறத்தில் கரகரப்பாக, புதிதாக இருக்கும். அந்தப் புதிய பகுதி முகத்தில் பத்தில் ஒரு பங்கே என்றால் பாரம் குறைவாகத்தான் இருந்தது. குற்றம் மூலையிலோ கீவேயிலோ வெல்டிலோ. பாதிக்கு மேல் என்றால்தான் ‘ஓவர்லோடு’ என்ற சொல்லை எடுக்கலாம்.

எனவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, கவிழ்ந்த வண்டியின் படத்தோடு உடைந்த அச்சின் முகத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நேராக ஃப்ளாஷ் அடித்தால் வரிகள் தெரியாது. செல்போன் விளக்கைப் பக்கவாட்டில், முகத்தை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, அளவுக்கு ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டு துண்டுகளையும் தனித்தனியே எடுக்கவேண்டும். அதோடு ஷாஃப்டின் பக்கவாட்டையும் ஒன்று எடுத்தால் விரிசலின் சாய்வும் பதிவாகிவிடும்.

இப்படிக்கு,
பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் முறிவு ஆய்வு செய்துவரும் பொறியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.